மீன் போய் ஜெயில் வந்த மந்திரி

பிடோக், சிங்கப்பூர்

மந்திரி பக்கத்துல உக்காந்தா நானும் பாதி மந்திரிதான்னு எழுதியிருக்கியே ஜார்ஜு, தியேட்டர் வாசல்ல பத்து வருசம் கச்சாங் பூத்தே கடலை வித்தேனே, நான் என்ன பாதி நடிகனாடா? நல்ல காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுட்டு நீ அந்தாளுக்கு பி.ஏ. ஆகப் போறியாம், அதுக்கு என் சம்மதம் வேணுமாம். தரமாட்டேன், போ. மாதா புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் சுகமாத்தான் இருக்கோம், மெட்ராஸ்ல நீயும் ரூபியும் பிள்ளையும் அப்படியே இருக்கணும். என் கிறுக்கல் உனக்கு விளங்காதுன்னு நான் சொல்லச் சொல்ல உங்கம்மாதான் எழுதறா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு.

உன் மந்திரி இங்க வந்த கூத்தைக் கேளு. மீன்வளத்துறை மந்திரி வர்றாருன்னு சிராங்கூன் ரோடு பூரா நோட்டீஸ் ஒட்டி மண்டபம் புடிச்சிருந்தோம். கூட்டத்தன்னிக்குக் காலையில அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ட்ரங்க் கால், மந்திரிசபையை மாத்திட்டாங்க, மீனைப் புடுங்கிட்டு ஜெயில் இலாகாவைக் குடுத்துட்டாங்கன்னு. மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாம மூணு வருசம் மீனைப் பாத்தாரு, ஜெயிலைப் பத்தியாவது கொஞ்சம் தெரிஞ்சிருக்கும் லா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இலாகாங்கிறது சட்டை, ஒண்ணைக் கழட்டி ஒண்ணைப் போட்டுக்குவாங்க, உள்ள அதே உடம்புதான். காலேஜ் விட்டு வந்து மாஞ்சு மாஞ்சு எழுதிக் குடுத்தியே ஒரு பேச்சு, அதுல மீன்னு வர்ற இடத்தையெல்லாம் அடிச்சு கைதின்னு எழுதிக்கிட்டு மேடை ஏறிட்டாரு. ஐந்தே ஆண்டுகளில் கைதிகளை இரண்டு மடங்காகப் பெருக்குவோம், வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்வோம்னு முழங்கினாரு. நாங்களும் கைதட்டினோம். பக்கத்துல இருந்த ஹனீபா என் காதுல, வாங்கண்ணே கிளம்பிடலாம், கதவைப் பூட்டிடப் போறாங்கங்கிறான்.

மறுநாள் நீ கேட்டுக்கிட்டபடி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு. உங்கம்மா வறுத்த வஞ்சிரத்தை ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. மீன் இலாகா போச்சே தவிர மீன் ஆசை போகலை. நான் மெதுவா, நேத்துப் பேச்சு பிரமாதங்க, எழுதினது யாருன்னு கேட்டேன். அதுக்கு அவர்

மீதி நான்தான் எழுதறேன், கோணலா இருந்தாலும் படி. இதை எழுத மாட்டேன்னு உங்கம்மா பேனாவை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவர் சொன்னது இதுதான்: “எவனோ ஒரு வாத்திப் பய. மானத்தை வாங்கிட்டான். ஊருக்குப் போனதும் துரத்தி விட்டுடறேன்.” யார் வீட்டுச் சோறு தின்னுக்கிட்டு சொல்றோம்னு அவருக்கு ஞாபகமே இல்லை. உங்கம்மா பக்கத்துலதான் நின்னா, எல்லாம் கேட்டா. எங்க உன் வேலை கெட்டுப் போயிடுமோன்னு சிரிச்சுக்கிட்டே அவருக்குப் பாயாசம் ஊத்தினாடா.

ராஜினாமாவைக் குடுக்காதே. குடுத்துட்டேன்னா இன்னிக்கே பிரின்சிபாலைப் போய்ப் பாத்துத் திரும்ப வாங்கு. பிள்ளைக்கு மறக்காம அம்மை ஊசி போடு. ஆண்டவர் உங்க மூணு பேர் தலைமேலயும் கை வைக்கட்டும்.

உன் அப்பன்
மரியஅந்தோணி