பிகாத்தோ போத்தலும் வெள்ளிக்கிழமைக் குழம்பும்

ஹோர்சன்ஸ்
18.08.1986

என் அன்பு மகன் நேசராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் இத்தாலியில் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் மன்றாடுகிறோம். வேளைக்குச் சாப்பிடு, திராட்சைத் தோட்டத்து வெயிலில் நிற்கும்போது தொப்பியைப் போடு, நீ போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. வைக்கோலுக்குள் பிள்ளையைக் கிடத்தியதுபோல் ஒரு போத்தல். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ வேலை செய்கிற கடற்கரைத் தோட்டத்து வீட்டார், தங்கள் பக்கத்துப் பிகாத்தோ திராட்சையில் தாங்களே செய்த வெள்ளை வைனைச் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கு அனுப்புவார்களாம், தாய் தகப்பன் இருவரும் ருசி பார்த்து, தக்கையில் பெயர் எழுதித் திருப்பி அனுப்பினால்தான் பெண் தருவார்களாம். படத்தில் அவர்கள் மகள் லூசியா லட்சணமான பிள்ளை, கொஞ்சம் மெலிவு. கத்தோலிக்கப் பிள்ளை என்பதை அப்பா இன்னும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மகனே, பத்தொன்பது வயதில் மதுவிலக்குச் சத்தியம் செய்து, அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டென்மார்க் வரைக்கும் காவிக்கொண்டு வந்த மனுசனுக்கா இதை அனுப்பினாய்?

செத்தாலும் என்ர வாயில படாது, அவனை வேற வழி பாக்கச் சொல்லும் என்று சொல்லிவிட்டு, அப்பா போத்தலுக்கு மேல் துவாயைப் போட்டு மூடினார். இரண்டு கிழமை கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. செப்டெம்பரில் பழம் வெட்டத் தொடங்குமுன் தக்கை வராவிட்டால் லூசியாவின் தகப்பன் வேறு இடம் பார்ப்பார் என்று நீ எழுதியதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சில்க்போர்க்கிலிருந்து போதகர் யேசுரட்ணமும் வந்தார். தொஸ்க் மீன் குழம்பு வைக்கத் தொடங்கினால் வீட்டில் புளி இல்லை. ஊர்ச் சாமான் விற்கிற சண்முகலிங்கம் டோஸ்ட்ருப்பிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. போன மாதம் புளிக்குப் பதிலாக, இங்கே ஜாம் காய்ச்சுகிற ரபார்பர் தண்டை அவித்துப் போட்டதற்கு, இது குழம்போ ஜாமோ என்று அப்பா கேட்டது இன்னும் மறக்கவில்லை. அப்போதுதான் துவாய் கண்ணில் பட்டது. போய்ச் சத்தியத்தாளை வாசித்தேன். குடிக்கமாட்டேன் என்றுதான் இருக்கிறது, குழம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தக்கை திறக்கிற சாமான் எங்கள் வீட்டில் ஏது? கரண்டிக் காம்பால் குத்தினேன், தக்கை உள்ளே விழுந்துவிட்டது. அரைப் போத்தலை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். நான் ஒரு சத்தியமும் செய்யாதபடியால் ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். நல்ல புளிப்பு, கடற்காற்று மாதிரி ஒரு வாசம்.

போதகர் இரண்டு தரம், அப்பா மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊரில கூட நீர் இப்பிடிக் குழம்பு வைக்கேல்லை, ஆர் புளி தந்தது என்று அப்பா கேட்டார். எனக்குப் பொய் வராது. உங்கட சம்மந்தி தந்தது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அப்பா வாயில் போட்டதை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் இருந்தார். போதகர்தான் முதலில் சிரித்தார். கொதிச்சதில வெறியெல்லாம் போயிருக்கும் அருள்நேசன், சாப்பிடுங்கோ என்றார். அப்பா விழுங்கினார்.

அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால், அந்த முழங்காலோடு குந்தியிருந்து, கம்பியை வளைத்துப் போத்தலுக்குள் விட்டுத் தக்கையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். என்ன செய்யிறியள் என்று கேட்டேன். மூண்டு தரம் வாங்கித் திண்டுபோட்டு ருசி பாக்கேல்லை எண்டால் அது பொய்யெல்லோ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது மகனே. இந்த மனுசனோடு முப்பது வருடம் சண்டை பிடித்தது வீண்போகவில்லை.

தக்கை இத்துடன் வருகிறது. முனை கொஞ்சம் பிய்ந்துவிட்டது, மஞ்சள் கறை என் விரலுடையது. மேலே அப்பாவின் பெயர், கீழே என் பெயர். அப்பா தன் பெயருக்குப் பக்கத்தில் ‘குடிக்கவில்லை, சாப்பிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். லூசியாவின் தகப்பன் கேட்டால் அப்படியே மொழிபெயர்த்துச் சொல், கூட்டாதே குறைக்காதே.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக் காப்பாராக. தொப்பியை மறக்காதே.

உன் அம்மா,
இன்பமலர்

பி.கு. அடுத்த மாத ஜெபக்கூட்டமும் எங்கள் வீட்டில்தான், புளி இன்னும் வரவில்லை என்று உனக்கு எழுதச் சொல்லி, அப்பா இதோடு மூன்றாம் தரம் சொல்லிவிட்டார்.