எனக்கு முன்னே போன பை

மார்ச் 8, வெள்ளி

வெயில். காலையிலேயே கிணற்றுக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. இன்றும் பட்டணம் போய் வந்தாயிற்று. கதிர்ச் சிகிச்சைக்கு ஆசுபத்திரியில் எல்லோரும் சொல்லும் பெயர் ‘லைற் பிடிக்கிறது’. ஏதோ மீன்பிடி மாதிரி.

அம்மா நோயின் பெயரைச் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார். இங்கே எழுதிப் பார்க்கிறேன்: புற்றுநோய். பேனை ஒன்றும் உடையவில்லை.

கழுத்தில் ஊதா மைக்கோடு, அழியாமல் குளிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி மாமி பார்த்துவிட்டு, “அட்டியல் போட்ட மாதிரிக் கிடக்கு” என்றார். ஆறுதலாம்.

டொக்டர் திரும்பவும் சொன்னார்: சனி, ஞாயிறு தவிர இடையில் ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் இதுவரை பிடித்ததும் வீண்.

ஆகவே ஒழுங்கு. ஆசுபத்திரிச் சாமான் எல்லாம் ஒரே பச்சைப் பையில்: கிளினிக் அட்டை, துவாய், சுடுதண்ணிப் போத்தல், தோடம்பழம், வாசிக்க ஒரு தடித்த நாவல். எதையும் தேட வேண்டாம். என் கெட்டித்தனத்தில் எனக்கே மகிழ்ச்சி.

மார்ச் 10, ஞாயிறு

சாப்பாடு வாயில் மண். அரைக் கோப்பை கஞ்சி.

அம்மா பஞ்சாங்கத்தோடு வந்தார். வீட்டில் வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் உண்டு. எது நமக்கு ஒத்துவருகிறதோ அன்றைக்கு அது. நாளைக்கு இரண்டும் கைவிட்டன. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம், பஸ் ஏழே முக்காலுக்கு. விடியற்காலை முதல் பஸ்ஸில் போக எனக்கு ஏலாது, அந்நேரம் வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும்.

போன திங்கள் ஏழரைக்கு முன்பே படலைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். தலை சுற்றி வேலியில் சாய்ந்தேன். இம்முறை வேறு வழி: பரஸ்தானம். நல்ல நேரத்தில் பையை அயல்வீட்டில் வைத்துவிட்டால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்திலும் போகலாம், வழியில் பையை எடுத்தால் சரி.

“ராகுவை ஏமாத்த இவ்வளவு லேசோ, அம்மா?”

“அவருக்கு ஆயிரம் வேலை, பிள்ளை. ஒவ்வொருத்தரையா பாத்துக்கொண்டிருக்கிறாரே?”

மாலை, பை மாமி வீட்டு விறாந்தைக் கதிரையில். அம்மா அதற்கு விபூதி பூசினார். எனக்குப் பூசவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஏழரை கழிந்தது. அம்மா முகத்தில் வெற்றி. மாமி வீட்டுக் கதிரை வெறுமை.

“பை எங்கை, மாமி?”

“அது அப்பவே போயிட்டுது. இவர் முதல் பஸ்ஸில கொண்டு போயிட்டார். பாரம் தூக்க ஏலாத பிள்ளை எண்டுதானே நீங்கள் இங்கை வைச்சது?”

மாமா சந்தைக்குக் கடைச்சாமான் எடுக்கப் போகிறவர். பரஸ்தானம் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பை ஆசுபத்திரிக்குப் போனதோ, அவரோடு சந்தைக்குப் போனதோ தெரியாது. அட்டை இல்லாமல் லைற் இல்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டது நான்.

வெறுங்கையோடு பஸ் ஏறினோம், அம்மாவும் நானும். பண்ணைப் பாலத்தில் ரயர் காற்றுப் போனது. இருபக்கமும் கடல், நடுவே அம்மா: “திருக்கணிதத்தை நம்பியிருக்கக் கூடாது.” வாக்கியமும் அதையேதான் சொன்னது என்று நான் நினைவுபடுத்தவில்லை.

பத்தரைக்கு ஆசுபத்திரி. இனி வருகிறவர்களுக்கு நாளைக்குத்தான் என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, வரிசையில் வந்தவர்கள் இருக்கும் நீள வாங்கு. அதில் இரண்டாவது ஆளாக என் பச்சைப் பை, நிமிர்ந்து இருந்தது. மாமா அட்டையைக் கொடுத்துப் பதிந்து, பையை வரிசையில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாராம்.

பக்கத்தில் நெடுந்தீவுக் கிழவர். “உம்மட பையோ இது? ஒவ்வொருத்தர் உள்ளுக்குப் போகப் போக நான்தான் அரக்கி அரக்கிக் கொண்டுவந்தனான். நல்ல பொறுமை அதுக்கு. ஒரு வருத்தமும் சொல்லேல்லை.”

நேர்ஸ் எட்டிப் பார்த்து, “அட்டையும் பையும் விடியவே வந்திட்டுது, ஆளைத்தான் காணேல்லை. வாரும்.”

கிழவர் எனக்கு முந்தியவர். “பிள்ளை போகட்டும், களைச்சிருக்கு” என்றார். அம்மா சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றினார். லைற் பிடித்து முடிந்து திரும்பும் பஸ் முழுக்க அவர் வெற்றிப் பேச்சு: “நல்ல நேரத்தில வைச்ச பை. அதுதான் முந்திப் போச்சுது.”

மார்ச் 13, புதன்

காற்றில் கொஞ்சம் குளிர்மை. தொண்டை எரிவு. கஞ்சி முழுக் கோப்பை.

டொக்டர்: இந்தச் சுற்று முடிந்தால் ஆவணியில் வந்து காட்டினால் போதும். கட்டி கரைகிறதா என்று கேட்டேன். “ஆவணியில சொல்லுறன்.”

ஆவணி. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

இறங்கியதும் அம்மா கடையில் நின்றார். புதுவருடப் பஞ்சாங்கம் வந்துவிட்டதாம், இரண்டும் வாங்கினார். வீட்டுக்கு வந்து சித்திரையைப் பார்க்கவில்லை. தாள்களை மளமளவென்று தள்ளினார்.

“என்னம்மா தேடுறியள்?”

“ஆவணி நடுவில திறம் நாள் ஒண்டு கிடக்கு. பையை இந்தமுறை நானே மாமாட்டைக் குடுப்பன்.”

பச்சைப் பையைப் பார்த்தேன். ஒரு பிடியில் தையல் விட்டுப்போகிறது. ஆவணி வரை தாங்காது. தடித்த நூலால் தைக்க வேண்டும்.