பதிவில்லாத ஏழு மாதங்கள்

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன் சாளையின் வயிற்றைக் கீறியபோது உள்ளே சினை கொழுத்துக் கிடந்தது. அதை வழித்து எறியப் போனவனிடம், "விசி கரண்ட எபா, மல்லி" என்று சிங்களத்தில் கத்திவிட்டேன். எறியாதே என்று கேட்டு வாங்கி வந்த சினை இப்போது குசினியில் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. பொரிக்க மனம் வரவில்லை. நீ இருந்திருந்தால், "எங்க பிடிச்சதாம்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

யுத்த காலத்தில் இதே வெள்ளவத்தையில் ஒரே வாடகை அறையில் இருந்தோம். நீ கடலுயிர் ஆய்வாளர், நான் கந்தோரில் தட்டச்சுக்காரி. கடலில் இறங்கி ஆராய உனக்கு ஒருவரும் அனுமதி தரவில்லை. நீயா விடுகிறவள்? "என்னை விடாட்டி என்ன, கடலுக்குப் போட்டு வாறவையைக் கேப்பம்" என்றாய். விடியற்காலையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையைத் தாண்டி முகத்துவாரத்தில் இறங்குவாய். வள்ளங்கள் கரைசேர்ந்ததும் சாளையை அளப்பாய், கீறுவாய், சினையின் பருவத்தைப் பார்ப்பாய். எந்த வள்ளம், எத்தனை மணிக்குப் போய் வந்தது, துறைமுக வாயிலிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பாகம் ஆழம் எல்லாம் கொப்பியில் ஏறும். சாளை சினை வைக்கும் மாதங்கள் சரியாகத் தெரிந்தால் அந்த மாதங்களில் வலையை நிறுத்தச் சொல்லலாம் என்பது உன் எண்ணம். தமிழில் எழுதினாய், அதுவும் பென்சிலால். மை ஈரத்தில் கரைந்துவிடுமாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கார அன்ரி மூச்சு வாங்க ஓடி வந்தார். "பிள்ளை, அடுத்த ஒழுங்கையில செக்கிங். கடுதாசி ஏதும் கிடந்தாப் பாருங்கோ." நீ முகத்துவாரத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. துறைமுகப் பக்கம் வள்ளங்கள் போய்வரும் நேரம், ஒரு தமிழ்ப் பெண்ணின் கையெழுத்தில். அது மீனைப் பற்றியது என்று சொன்னால் எந்த ஆமிக்காரன் நம்புவான்? எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும். முந்தின வருசக் கொப்பிகள் உன் ஆய்வுகூடத்தில் இருந்தன. புத்தகத் தட்டில் கிடந்த ஏழு மாதக் கொப்பிகளைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பாழாய்ப்போன பென்சில் எழுத்து கரையவே இல்லை. இரண்டு கையாலும் பிசைந்து கூழாக்கிக் கக்கூசில் ஊற்றினேன்.

வந்தவர்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்தார்கள். ஒரு பையன் உன் ஃபோர்மலின் போத்தலைத் தூக்கி, "மாளுத?" என்று கேட்டுச் சிரித்தான். மீன்தான் என்றேன். புத்தகத் தட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பின்னேரம் நீ வந்தாய். சொன்னேன்.

"ஏழு மாசமும் போச்சோ?"

"ஓம். உனக்காகத்தான் செய்தனான்."

வாளியைக் கவிழ்த்து வைத்தாய். பிறகு, "நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்" என்றாய். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். திங்கட்கிழமை புதுக் கொப்பி வாங்கிவந்தாய்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான். அட்டவணையில் அந்த ஏழு மாதங்கள் வந்ததும் என் விரல் நின்றது. "முந்தின வருசத்தையும் பிந்தின வருசத்தையும் பார்த்து நடுவில ஒண்டைப் போடன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "நான் பாக்காத மீனுக்கு எப்பிடியடி எழுதுறது? கோடு போடு" என்றாய். ஏழு கோடுகளை நானே அடித்தேன். 'பதிவுகள் இல்லை' என்பதற்கு மேல் காரணம் எழுத நீ விடவில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. முக்கியமான மாதங்களே இல்லையே என்றது. அது உள்ளூர்ச் சஞ்சிகை ஒன்றின் கடைசிப் பக்கங்களில் வந்தது. உன்னோடு படித்தவர்கள் பேராசிரியர்களானார்கள். நீ மறுபடி முகத்துவாரத்துக்கு பஸ் ஏறினாய்.

நீ போன பிறகு நடந்த நினைவுக் கூட்டத்தில், உன்னைக் கண்டே இராத ஓர் இளம் ஆய்வாளர் பேசினார். இந்தக் கரையில் சாளையைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் உன் அட்டவணையில்தான் தொடங்குகிறார்களாம். இல்லாததை இல்லை என்றே எழுதியவள் நீ, அதனால் மற்ற எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். தட்டச்சு மட்டும்தான் நான் செய்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடமும் நான் முழுதாய்ச் சொல்லவில்லை. அந்த மத்தியானம் நீ பத்திரமாக முகத்துவாரத்தில் நின்றாய். கொப்பியில் உன் பெயரும் இல்லை. அறையில் அகப்படக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தக் கொப்பிகளைப் பிசைந்தபோது உன் நினைவு ஒரு தரமும் எனக்கு வரவில்லை.