பொட்டிப்புரத்துக்கு ஒரு மலைப்படம்

மாப்ள,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாணம். பொண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டப வாசலில் நிறுத்தி, செல்போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். வெயில் மூஞ்சியில் சுள்ளென்று அடிக்குது, மேகம் வரட்டும் என்று வானத்தையே பார்த்து நின்றுவிட்டேன். மாலை வாடிப்போச்சு. தாய்மாமன் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

எல்லாம் உன்னிடமிருந்து ஒட்டிய வியாதி. வாரம் பூராவும் பேங்கில் ஓடுகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் குட்டியானை லோடு வண்டியில் ஏறி, ஏதாவது ஒரு மலைக்கு முன்னால் கேமராவோடு இறங்கி நட்ட மரமாக நிற்பாய்.

"எத்தனை படம் எடுத்த?"

"இன்னும் எடுக்கல."

"அப்ப இம்புட்டு நேரம் என்னத்தப் பண்ணுன?"

"பாத்துக்கிட்டிருந்தேன் மாப்ள."

நீ கழுவிக் கொண்டுவந்த படத்தைப் பார்த்த பிறகுதான், தினமும் நான் லோடு ஏற்றிப்போகிற ரோட்டோரம் இப்படி ஒரு மலை நிற்பதே எனக்குத் தெரியும்.

பொட்டிப்புரத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருது. மலையைக் குடைந்து ஆராய்ச்சிக்கூடம் வரப்போகுதாம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். நீ காட்டோரம் மூணுகால் ஸ்டாண்டை நட்டதும் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் ஒரு அக்கா, கையில் களைக்கொத்து.

"யாரு நீங்க? நெலத்த அளக்க வந்தீகளா?"

"மலையப் போட்டோ எடுக்க வந்தோம்க்கா."

"அதுக்கு என்ன பொண்ணா பாக்குறீக? பிலிம உருவிக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

ஒரு மாசம் நின்று நின்று எடுத்ததெல்லாம் அந்தச் சுருளில். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். பிறகு கேமராவின் மேல்மூடியைத் திறந்து, "பாருங்கக்கா" என்று ஒதுங்கிக்கொண்டாய். அக்கா குனிந்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் அவர் மலை, கலரோடு.

"ஏலே, இங்கன வாங்க! நம்ம மலைய இதுக்குள்ள வச்சிருக்காக!"

வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், கண்ணாடியில் இடதும் வலதும் மாறித் தெரிவதைப் பார்த்து, "கோயிலு எடம் மாறித் தெரியுதே" என்று உன்னைச் சந்தேகமாகவே பார்த்தார். எல்லாரும் பார்த்து முடிப்பதற்குள், நீ காத்துக்கிடந்த மேகம் இறங்கிக் கலைந்தே போச்சு. நீ முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

"மேகம் எறங்குறப்ப ஒண்ணு எடுத்துத் தாங்க. நாளைக்கி மலை எப்படி இருக்குமோ" என்றார் அக்கா.

"கட்டாயம் தாரேன்க்கா" என்றாய். அதற்குள் நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் சம்சாரம், என் தங்கச்சி, கேமராவை என்னிடம் தந்தது. "உள்ள பிலிம்ல இன்னும் ஒரே ஒரு படம் எடுக்கப் பாக்கி இருக்காம்ண்ணே."

நேற்றுப் பொட்டிப்புரம் போய் ஸ்டாண்டை நட்டேன். "அவுக வரலையா?" என்று அதே அக்கா கேட்டார். சொன்னேன். அக்கா ஒரு கல்லை எடுத்து, ஆடிய ஸ்டாண்டுக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

உன்னை மாதிரியே நின்றேன். பசித்தது, நின்றேன். லோடுக்காரன் போன் அடித்தான், நின்றேன். எங்க அப்பன்கூட எனக்கு இப்படி ஒரு சொத்து எழுதிவைக்கவில்லை மாப்ள. சாயங்காலம் மேகம் முகட்டைத் தாண்டி, பால் பொங்கி வழிகிற மாதிரி இறங்கியது. கண்ணாடியில் அம்புட்டும் தெரிந்தது. மூச்சைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினேன். அக்கா கைதட்டினார்.

அந்தக் கேமராவுக்கு முன்பக்கம் இரண்டு கண். மேல் கண் நாம் பார்க்க. கீழ்க் கண் பிலிமுக்கு. கீழ்க் கண்ணின் மூடியை நான் கழற்றவே இல்லை.