கழட்டாத பல்செட்டு

மார்ச் 3
இன்றும் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தேன். மதியம் ஒரு வாய் வைத்ததும் மேலண்ணம் தீயாய் எரிந்தது. டப்பாவை மூடிவிட்டேன். கூட வேலை செய்கிறவள், "புருஷன் போன துக்கம், சோறு இறங்கல"ன்னு ஊருக்கே சொல்லிவிட்டாள். துக்கம் இருக்கிறது. பசியும் இருக்கிறதே!

மார்ச் 5
யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். மகள் போன்.
"பட்டினி கிடந்து நீயும் போய்ச் சேரப் பாக்குறியா? பதினஞ்சாம் தேதி வர்றேன். வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடு."
இந்த வீட்டை விட்டு எங்கே போவேன்? வாய்தான் எரிகிறது என்று சொல்லலாம். காட்டு என்பாள். என் பொக்கை வாயை அவரைத் தவிர ஒருத்தரும் பார்த்ததில்லை.

மார்ச் 6
பல் டாக்டர் சின்னப் பெண். பல்செட்டைக் கழட்டச் சொன்னாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கழட்டினேன். நான் மூடினால் அவளுக்குத் தெரியாதா என்ன?
அண்ணம் முழுக்கச் சிவப்பாம், நடுவில் தயிர் சிந்தின மாதிரி வெள்ளையாம். ஈஸ்ட்டு என்றாள்.
"ஐயோ, நான் மாவுல போடுறதா? வாய்க்குள்ள பொங்குதா?"
"அது வேற வகைம்மா. இது நிறையப் பேர் வாயில சும்மா கிடக்கும். பல்செட்டைக் கழட்டாம விட்டா அதுல பசையா ஒட்டிக்கும். அப்புறம் அண்ணத்துச் சதையையும் பிடிச்சுக்கிட்டு உள்ள வேர் விடும். எத்தனை நாளாக் கழட்டல?"
"ஆறு வாரம்."
"ஏம்மா?"
அவர் போயும் ஆறு வாரம். தினம் இரண்டு பேர் செட்டையும் தேய்த்துக் கழுவி ஊறப்போடுவது அவர் வேலை. நான் ஒருநாளும் தொட்டதில்லை. இதை எப்படிச் சொல்ல —

மார்ச் 7
சொட்டு மருந்து. கசப்பு. செட்டைத் தேய்க்கும்போது வழுக்கி, சாக்கடைக்கே போகப் பார்த்தது. எப்படித்தான் செய்தாரோ. பாட்டு வேறு பாடுவார், பாவி மனுஷன்.

மார்ச் 11
எரிச்சல் பாதி.

மார்ச் 15
செட்டு ஊறிக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். மறந்துபோய் அப்படியே திறந்துவிட்டேன். மகள், கையில் என் துணிக்கென்று காலிப் பெட்டி. என் வாயையே பார்த்தாள். சட்டென்று பொத்தினேன். சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு! அப்புறம் என் தோளில் விழுந்து அழுதாள்.
"அப்பாதானே கழுவித் தருவாரு?"
தெரிந்திருக்கிறது கழுதைக்கு.
பல்லைப் போட்டுக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவள் தட்டிலும் கை வைத்தேன். தட்டையே என் பக்கம் தள்ளிவிட்டாள்.
சாயந்திரம் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பொக்கை வாயி, கழட்ட மறந்துடாதே!" என்றாள்.