சிவப்பு வந்தால் விண்டோஸ்

கேகாலையில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அலுமாரியின் அடித்தட்டில் அந்தப் பழைய டொபி மிட்டாய் டின் கிடந்தது. மூடியைத் திறந்ததும் கற்பூர வாசம். பத்து வருஷத்துக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உள்ளே சிங்களப் பத்திரிகைத் தாளில் நீ மடித்த பொட்டலம், நூல் அவிழாமல். நீ செத்து ஒரு வருஷமாகிறது. இதைப் பற்றி உன்னிடம் கேட்க இனி வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசைவீடுகளில் பிறந்தவர்கள். பலாங்கொடை டவுனில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை பிடித்து, கம்ப்யூட்டர் வைத்து, தமிழில் அச்சு வேலை செய்வது என்பது என் யோசனை. நீ கடைசிவரை அதை "நம்ம யோசனை" என்றே சொன்னாய். அப்போது தோட்டத்துக் கல்யாணப் பத்திரிகைகளை இரத்தினபுரியில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அடித்தார்கள். மணமகளின் பெயர் பாதியில் அறுந்து வரும். நம் சனங்கள் அதை அப்படியே வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, வீடு வீடாகக் கொடுப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

இரண்டு மெஷின்கள் விலைக்கு வந்தன. ஒன்று, கொழும்பில் மூடிய ஓர் அச்சகத்தின் மெக்கின்டோஷ். தமிழ் எழுத்துகளும் பிரிண்டரும் சேர்த்தே கொடுத்தார்கள். மற்றது டவுனில் ரேடியோக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் விண்டோஸ் கம்ப்யூட்டர். நம் இருவர் சேமிப்பும் சேர்ந்து ஒன்றுக்குத்தான் போதும். எனக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை. உனக்கு இருந்தது. இரத்தினபுரியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் புகுந்து நீ ஆடிய கிரிக்கெட் கேம் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

"மெக்ல அது ஓடாதாம் மச்சான். நானா சொன்னாரு."

"கடை வைக்கப் போறமா, கிரிக்கெட் ஆடப் போறமா?"

"ரெண்டுந்தான். பகல்ல நீ பத்திரிகை அடி. சாயங்காலம் நான் சிக்ஸர் அடிக்கிறேன்."

"விண்டோஸ்ல நமக்கு வேண்டிய தமிழ் எழுத்து இல்லடா."

"வர வைப்போம். நீதான் படிச்ச மனுசனாச்சே."

ஒருநாள் அந்த வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போய்க் கேமைக் காட்டினாய். அதில் ஆட்டக்காரர்களின் பெயர்களை மாற்றலாம். நாட்டு அணியை அழித்துவிட்டு நம் லயத்து ஆட்களைப் போட்டிருந்தாய். டவுன் கிளப்பில் உன்னை வருஷக்கணக்காகப் பவுண்டரி ஓரத்தில் நிற்க வைத்தார்கள். பந்து பொறுக்க ஆள் வேண்டும், தோட்டத்துக்காரன் கையில் மட்டையைக் கொடுக்க மனசில்லை. உனக்கு மட்டை பிடிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. இப்போதுதான் புரிகிறது என்று சொல்ல மாட்டேன். அப்போதே புரிந்தது. புரிந்ததால் என் பக்கத்து நியாயம் குறைந்துவிடவில்லை. என்னைப் பன்னிரண்டாம் ஆளாகப் போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டேன்.

"நீ தண்ணி கொண்டு வா. அதுக்கும் படிச்ச ஆள் வேணும்ல?"

அதற்குப் பிறகு சில நாள் இதே சண்டைதான். கடைசியில் நீயே வந்து, "அம்மன்கிட்ட பூக் கேப்போம்" என்றாய். பெண் கொடுப்பதா, கேஸ் போடுவதா என்று எதற்கும் பூக் கேட்கும் தோட்டம் அது. கம்ப்யூட்டருக்குக் கேட்டவர்கள் நாம்தான். படித்த நான் எப்படிச் சம்மதித்தேன் என்றால், அம்மன் என் பக்கம்தான் நிற்பாள் என்று நம்பினேன். அவளுடைய திருவிழா நோட்டீஸும் பிழையோடுதானே வந்துகொண்டிருந்தது.

சிவப்பு அலரி வந்தால் விண்டோஸ், வெள்ளை அலரி வந்தால் மெக். பூசாரிக்குக் கைநடுக்கம். அதனால் நீயே இரண்டு பூக்களையும் தனித்தனித் தாளில் வைத்து மடித்து நூல் சுற்றினாய். காற்றடிக்கிறது என்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாய்.

"மெக்குன்னா என்னா தம்பி?" என்று பூசாரி கேட்டார்.

"வெள்ளைங்கய்யா. அது தெரிஞ்சா போதும், எடுங்க."

அவர் கண்ணை மூடிக் கற்பூரத் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாய்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். பிரித்தால் அம்மன் வாக்கைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை ஓடையில் விடுவது தோற்றவனின் வேலை. கற்பூரத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடைவரை போனேன். விடவில்லை. நீ திரும்பி நின்று மடித்ததே கண்ணில் நின்றது. இதிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பாய் என்று முடிவுகட்டினேன். அங்கேயே பிரித்திருக்கலாம். ஆனால் உன் முகத்துக்கு நேராகப் பிரிக்க வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால், நான் தேர்ந்தெடுக்கும் ஒரு நாளில். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். அறை நிரம்பி வழிந்தது, கேம் ஆட வந்தவர்களால். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுப் படியிலேயே திரும்பிப் போனார்கள். நான் பள்ளிக்கூட வேலை வாங்கிக்கொண்டு கேகாலைக்கு வந்துவிட்டேன். டவுன் கிளப்புக்காரர்களும் ஆட வந்து பெஞ்சில் காத்துக் கிடப்பதாகப் போனில் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டாய்.

"அன்னைக்கு அந்தப் பூவ ஓடையில விட்டியா?"

"விட்டேன்."

"நெசமா?"

ஏன் அப்படிக் கேட்டாய்?

பொட்டலத்தைப் பிரிக்க நான் நினைத்த நாள் வரவில்லை. உன் கருமாதிப் பத்திரிகை தபாலில் வந்தது. இரத்தினபுரியில்தான் அடித்திருந்தார்கள். உன் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். மூலையில் மஞ்சள் இல்லை, கறுப்புக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். மெக்கை வாங்கியிருந்தால் அதை நானே அடித்திருப்பேன், பிழையில்லாமல்.

இன்று நூலை அறுத்தேன். உள்ளே பழுப்புத் தூள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலில் தேய்த்துப் பார்த்தேன். சிவப்பு அலரியும் வெள்ளை அலரியும் பத்து வருஷத்தில் ஒரே நிறத்துக்கு வந்துவிடும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆக, நீ ஏமாற்றாமலும் இருந்திருக்கலாம். ஏமாற்றினாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மனோடு சண்டை போட என்னால் முடியாது. உன்னோடு போட்டுப் பழகிவிட்டது.

தாளை அதே மடிப்பில் மடித்து, நூலைச் சுற்றி, டின்னை மூடினேன். மற்றச் சாமான்கள் லொறியில் வரும். டின் என் கைப்பையில் இருக்கிறது.