பாதிரியாரின் எழுத்தில் கைவைத்தவர்கள்

அன்புள்ள தம்பி,

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் போலந்துக்காரி ஒரு கதை சொன்னாள். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இயேசு சபைப் பாதிரியார் பைபிளைப் போலிஷ் மொழியில் மொழிபெயர்த்தாராம். அச்சாகும் முன்பே இறந்துவிட்டார். பிறகு அவருடைய சபையினரே அதைத் திருத்தி, அவர் பெயரிலேயே வெளியிட்டார்களாம். எந்த வரி அவருடையது, எது மற்றவர்களுடையது? வேலை முடிந்து ஹவுகெட்டோவில் உள்ள வீட்டுக்கு ரயிலில் வரும்போதெல்லாம் எனக்கு இதே யோசனை. நல்ல எண்ணத்தில்தான் திருத்தியிருப்பார்கள், இல்லையா?

உன் கலியாணத்துக்கு வராத அப்பா, பிறகு உன் மனைவிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நான்தான் அதை நோர்வேஜிய மொழியில் மாற்றி எழுதி அனுப்பினேன். வெறும் நலம் விசாரிப்பு என்றுதானே பேர்கனில் நீங்கள் இருவரும் நினைத்தீர்கள்?

கடைசி வரியை நான் விட்டுவிட்டேன். ஒரு மாமனார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்பா எழுதிய தாளையே இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை நீயே அவளுக்கு வாசித்துச் சொல்.

அந்தக் கடிதம் போனதிலிருந்து இரண்டு வருடமாகத் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பது அப்பாதான். இன்றைக்கும் வெறுங்கையோடு வந்து கேட்டார்: "பேர்கனிலை இருந்து ஒண்டும் வரேல்லையோ, பிள்ளை?"

உன் அக்கா